செராடோவில் தைலமரமும் பூச்சிகளும்

செராடோ என்பது பிரேசிலின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கும் சவானா. புல்தரை, இடையிடையே தடித்த பட்டையுடன் கோணல்மாணலாக வளர்ந்த குட்டை மரங்கள், எங்கும் கரையான் புற்றுகள், நீண்ட வறட்சிப் பருவம், அவ்வப்போது பரவும் தீ ஆகியவை அதன் அடையாளங்கள். கடந்த நூறாண்டுகளில் இந்நிலத்தின் பெரும் பரப்புகளில் தைலமரமும் பைன் மரமும் நடப்பட்டன. மரம் நட்டால் உயிர்வளம் பெருகும் என்பது பரவலான நம்பிக்கை. செராடோவின் பூச்சிகளுக்கு நேர்ந்ததோ இதற்கு மாறானது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால், புல்வெளியைக் காடு அழிந்து எஞ்சிய குறைநிலமாகப் பார்க்கும் பார்வை இருக்கிறது. அது எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் 1830-கள் வரை செல்ல வேண்டியிருக்கிறது.

மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் லாகோவா சாந்தா என்ற ஊரில் குடியேறிய டென்மார்க் நாட்டு இயற்கையியலாளர் பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட், இந்தத் திறந்தவெளிகள் ஒரு காலத்தில் காடுகளாக இருந்தவை, மனிதர் வைத்த தீயால் வெளியானவை என்று 1835-இல் எழுதினார். 1863-இல் அவருக்குச் செயலாளராக வந்து மூன்றாண்டுகள் அங்கே தங்கியவர் யூஜீனியஸ் வார்மிங் என்ற இளைஞர். அந்த ஊரின் செடிகொடிகளைப் பற்றி 1892-இல் அவர் வெளியிட்ட நூல் லுண்டின் கருத்தை ஏற்கவில்லை. வார்மிங் பின்னாளில் சூழலியலின் முன்னோடிகளில் ஒருவராக மதிக்கப்பட்டார். ஆனாலும் உலகில் வேரூன்றியது லுண்டின் பக்கத்துப் பார்வையே. ஆப்பிரிக்க சவானாக்களையும் சிதைந்த காடுகள் என்றே பிரெஞ்சு வனவியலாளர் ஆந்த்ரே ஓப்ரெவீல் 1949-இல் விளக்கினார்.

வார்மிங்கின் பக்கமே உண்மை இருந்ததற்கு வலுவான சான்று 2009-இல் கிடைத்தது. செராடோவின் தாவரக் கால்வழிகளை மரபணு கொண்டு ஆராய்ந்தபோது, தீயைத் தாங்கும் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 40 லட்சம் ஆண்டுகளில் கிளைத்தவை என்று தெரிந்தது. எளிதில் தீப்பற்றும் புற்கள் உலகின் வெப்பமண்டல வெளிகளை ஆளத் தொடங்கிய காலத்தை ஒட்டியது அது. இந்த நிலத்துக்கே உரிய பூச்சிகளும் இதே உண்மையைத்தான் சொல்கின்றன. சில நூற்றாண்டுத் தீ இத்தனை நுணுக்கமான வாழ்முறைகளை உருவாக்கியிருக்க முடியாது.

பெக்கீ மரம் ஓர் எடுத்துக்காட்டு. அதன் மொட்டுகளிலும் தளிர்களிலும் பூவுக்கு வெளியே தேன் சுரக்கிறது. அத்தேனுக்காக வரும் எறும்புகள் தளிரைத் தின்ன வரும் பூச்சிகளைத் தாக்குகின்றன. யூனிகா பெக்கினா என்ற பட்டாம்பூச்சி, எறும்பு இருக்கும் கிளையைக் கண்ணாலேயே கண்டுகொண்டு, முட்டையிட வேறு கிளைக்குப் போகிறது. அதன் புழு தன் எச்சத்தைக் கோத்து இலை விளிம்பில் குச்சிபோல் நீட்டிவைத்து, எறும்பு நெருங்கினால் அதன் நுனியில் போய் ஒதுங்குகிறது. ஒரு மரத்தை எடுத்தால் இந்த உறவு முழுவதும் போகிறது.

புற்றுகளின் கதையும் இதுவே. கோயாஸ் மாநிலத்தின் எமாஸ் தேசியப் பூங்காவில் மழைக்காலத் தொடக்க இரவுகளில் கரையான் புற்றுகள் பச்சை ஒளியில் மின்னும். புற்றின் வெளிச்சுவரில் வளை தோண்டி வாழும் ஒரு வண்டின் புழுக்கள் ஒளிவீசி, பறந்து வரும் ஈசல்களைப் பிடித்துத் தின்கின்றன. புல் இருந்தால் கரையான், கரையான் இருந்தால் புற்று, புற்று இருந்தால்தான் அந்தப் புழு.

தைலமரம் இங்கே பெருகியது இரயிலுக்காக. சாவோ பாவ்லோவின் பாவ்லிஸ்டா இரயில் நிறுவனத்துக்கு விறகு தர, 1900-களின் தொடக்கத்தில் எட்முண்டோ நவாரோ டி ஆந்த்ராடே ஆஸ்திரேலிய இனங்களைப் பெருமளவில் நட்டார். 1966-இல் வந்த ஒரு சட்டம் மரம் நடுவோருக்கு வரிச்சலுகை தந்தது. காகிதக்கூழ் தொழிலும் இரும்பாலைக் கரித் தேவையும் சேர, தோட்டங்கள் வேகமாக விரிந்தன. இன்று பிரேசிலில் தைலமரப் பரப்பு 70 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அதில் கணிசமான பங்கு காகிதக்கூழுக்குப் போகிறது.

பாதிப்பு நிழலில் தொடங்குகிறது. நட்ட சில ஆண்டுகளில் கிளைகள் கூடிவிடுகின்றன. நேர்வெயில் வேண்டும் சவானாப் புற்கள் மெலிந்து மறைகின்றன. வெட்டுக்கிளிகளும், புல்லை அறுத்துச் சேர்க்கும் கரையான்களும், சுடுமண்ணில் இரைதேடப் பழகிய எறும்புகளும் உணவும் வெப்பமும் இழக்கின்றன. நடுவதற்கு முன் நடக்கும் உழவு, மண்ணுக்கடியில் பல செடிகள் வைத்திருக்கும் தடித்த வேர்க்கட்டைகளைச் சிதைத்துவிடுகிறது. இலைவெட்டி எறும்புகளைக் கொல்ல சல்ஃப்ளூராமிடு கலந்த இரைத்துகள்கள் தூவப்படுகின்றன. அது சிதைந்து உண்டாகும் வேதிப்பொருள் 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. இலைவெட்டி எறும்புக்கான இரைக்கு அதில் விலக்கு தரப்பட்டது.

தோட்டத்தில் பூச்சியே இல்லை என்று சொல்ல முடியாது. கொய்யாக் குடும்பத்து நாட்டு மரங்களில் வாழ்ந்த தைரின்டெய்னா ஆர்னோபியா என்ற அந்துப்பூச்சி, அதே குடும்பத்தைச் சேர்ந்த தைலமரத்துக்குத் தாவி, பெரும் இலைதின்னியாகிவிட்டது. எங்கும் வாழவல்ல எறும்புகளும் தங்கிவிடுகின்றன. எனவே எத்தனை இனம் என்று மட்டும் எண்ணினால் இழப்பு சிறிதாகத் தோன்றும். எந்த இனம் என்று பார்க்கும்போதுதான் அதன் அளவு புரிகிறது. சாவோ பாவ்லோவின் சாந்தா பார்பரா சூழலியல் நிலையத்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தீ தடுக்கப்பட்டதால் நாட்டு மரங்களே நெருங்கி வளர்ந்து, சவானா காடாக மாறிய இடம் அது. அங்கே எறும்பு இனங்கள் மொத்தத்தில் 35 சதவீதம் குறைந்தன. சவானாவுக்கே உரிய எறும்பினங்களோ 86 சதவீதம் குறைந்துபோயின. நாட்டு மரங்களின் நிழலே இதைச் செய்யுமானால், உழுது, இரை தூவி, ஒரே இனத்தை நெருக்கி நடும் தோட்டத்தை அதைவிட மென்மையானதாகக் கருத இடமில்லை.

மரங்களை வெட்டி எடுத்தாலும் சவானா தானாகத் திரும்பிவிடாது. வேர்க்கட்டைகள் பிழைத்த நிலத்தில் செடிகள் மீண்டும் துளிர்க்கும். ஆழ உழுத நிலத்தில் நாட்டுப் புல்லை விதைத்தாக வேண்டும். கோயாஸின் சப்பாடா டோஸ் வெயாடெய்ரோஸ் பகுதியில், உள்ளூர் மக்கள் சேகரித்துத் தரும் புல், புதர், மர விதைகளைக் கலந்து நேரடியாகத் தூவும் முறை 2010-களிலிருந்து நடைமுறையில் உள்ளது. மரக்கன்று நடுவதை மட்டுமே மீட்பு என்று கொள்ளாமல் புல்லையும் அதில் சேர்த்த முயற்சிகளில் இதுவும் ஒன்று.