பனி குடித்து விளையும் பயிர்கள்

ஹைதராபாத்திலிருந்து மும்பைக்குப் போகும் நெடுஞ்சாலையில் மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் ஜஹீராபாத் வரும். தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். கரும்பு லாரிகள், சாலையோர தாபாக்கள், பெரிய டிராக்டர் தொழிற்சாலை ஒன்று. சுற்றுலாக் கையேடுகளில் இடம்பிடிக்கும் ஊரல்ல.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பஸ்தாபூர், மாச்னூர் பக்கம் திரும்பினால் காட்சி மாறுகிறது. கூழாங்கல் நிறைந்த செம்மண் மேடுகள். இடையிடையே கரிசல். ஒரே வயலில் சோளம், துவரை, தினை, எள், அவரை என்று எல்லாம் கலந்து நிற்கின்றன. வரிசையான செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துப் பழகிய மலேசியக் கண்ணுக்கு இது ஒழுங்கில்லாத காடு மாதிரிதான் தெரியும். அந்த ஒழுங்கின்மைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டவர்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள்.

இரண்டு ரூபாய் அரிசி செய்த வேலை

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஜஹீராபாத் வட்டாரத்தில் அதில் பாதிகூடக் கிடையாது. அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதத்துக்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். நெல்லுக்கு இது போதாது. தலைமுறை தலைமுறையாக இங்கே சோளமும் சிறுதானியமும்தான் சோறு.

1983இல் அப்போதைய ஆந்திர முதல்வர் என்.டி.ராமராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுக்கத் தொடங்கினார். பசித்தவருக்கு அது பெரிய உதவி. ஆனால் வறண்ட நிலத்து மக்களுக்கு இன்னொரு விளைவும் வந்தது. கடையில் மலிவாக அரிசி கிடைக்கும்போது யார் சோளம் விதைப்பார்கள்? வயல்கள் தரிசாயின. விதைத்துவந்த ரகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

இதில் அதிகம் இழந்தவர்கள் தலித் பெண்கள். நிலச் சீர்திருத்தத்தில் கிடைத்த ஓரிரு ஏக்கர் அவர்களில் பலரிடம் இருந்தது. ஆனால் அது கல்லும் மேடுமான நிலம். அதைத் திருத்தக் காசில்லாததால் பிறர் வயலில் கூலிக்குப் போனார்கள். தரிசு வயலில் கூலி வேலையும் இல்லை.

சங்கத்தில் தொடங்கிய பாடம்

அதே 1983இல்தான் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற அமைப்பு இங்கே தொடங்கியது. தொலைக்காட்சித் தயாரிப்பாளராக இருந்த பி.வி.சதீஷ் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். ஊருக்கு ஊர் பெண்களின் சங்கம் அமைந்தது. நாம் சொல்லும் அதே ‘சங்கம்’தான், தெலுங்கிலும் அதே சொல். பகலெல்லாம் வயலில் இருப்பவர்கள் என்பதால் கூட்டம் இரவில் நடக்கும். காலப்போக்கில் சுமார் 75 சிற்றூர்களில் ஏறத்தாழ 5,000 பெண்கள் இதில் சேர்ந்தார்கள்.

முதலில் வரப்பு கட்டினார்கள், கல் பொறுக்கினார்கள், எரு போட்டார்கள். 1990களின் நடுவில் அடுத்த அடி. தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்தச் சங்கம் கடன் கொடுத்தது. கடனைப் பணமாக அல்ல, விளைந்த சோளமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தச் சோளம் அதே ஊரில் சேமிக்கப்பட்டு, வேலையில்லாத மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு மலிவு விலையில் கொடுக்கப்பட்டது. யார் ஏழை என்பதை ஊர்க்காரர்களே கூடி முடிவு செய்தார்கள். அரசாங்கத்தின் ரேஷன் கடைக்கு ஈடாக, ஊர் மண்ணில் விளைந்த தானியத்தைக் கொண்டே ஒரு ரேஷன்.

கலப்பு வயலின் கணக்கு

இன்று ‘பருவநிலைக்கு ஏற்ற வேளாண்மை’ என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். அதை இந்த வயல்களில் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு வயலில் பதினைந்து, இருபது வகைப் பயிர்கள். சாமையும் தினையும் சுமார் மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். துவரைக்கு ஆறு மாதம். மழை சீக்கிரம் நின்றால் குறுகிய காலப் பயிர் கைகொடுக்கும்; தாமதமாகப் பெய்தால் துவரை பிழைத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே நாளில் அழிவது அபூர்வம். துவரையின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகிறது. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. சோளமும் கம்பும் கடும் வெயிலிலும் குறைந்த நீரில் வளரக்கூடியவை. வயலில் தானாக முளைக்கும் கீரையும் களையல்ல, அன்றைய குழம்பு.

மழைக்காலம் முடிந்தபின் வருவது இன்னும் வியப்பு. கரிசல் மண் தேக்கி வைத்த ஈரத்திலும் குளிர்காலப் பனியிலும் வெள்ளைச் சோளம், கொண்டைக்கடலை, ஆளி, குசும்பா எல்லாம் விளைகின்றன. பாசனம் இல்லை, உரம் இல்லை. இவற்றைப் பெண்கள் ‘சத்யம் பண்டலு’ என்கிறார்கள். சத்தியப் பயிர்கள். மழை பொய்த்தாலும் சொன்ன சொல் தவறாமல் விளைபவை என்று பொருள் கொள்ளலாம்.

இந்தப் பேச்சைக் கேட்கும் தமிழருக்கு ஒரு சின்ன மகிழ்ச்சியும் உண்டு. அவர்கள் ‘சாமலு’ என்பது நம் சாமை. ‘கந்துலு’ என்றால் துவரை. ‘ஜொன்னலு’ என்றால் சோளம். ராகி இருவருக்கும் ராகிதான்.

எழுத்தறியாத ஆசிரியர்கள்

விதையைக் காப்பது இங்கே பெண்களின் வேலை. மூங்கில் கூடைகளில் சாம்பலும் வேப்பிலையும் கலந்து விதையை இட்டு, மேலே மண்ணால் பூசி மூடிவைக்கிறார்கள். விதை இல்லாதவர் சங்கத்தில் வாங்கிக்கொள்ளலாம். அறுவடைக்குப் பின் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ திருப்பித் தர வேண்டும். கடையில் விதை வாங்காதவருக்கு விதைக்கடன் இல்லை. எந்தப் பயிரை விதைப்பது என்ற முடிவும் அவர் கையிலேயே இருக்கிறது.

புதிதாக வருபவருக்குப் பாடம் சொல்வது மூத்த பெண்கள். எந்த மண்ணுக்கு எந்த ரகம், எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது என்பதையெல்லாம் வயலில் நின்று காட்டித்தான் கற்றுக்கொடுக்க முடியும். இந்த அமைப்பு நடத்தும் கிருஷி விஞ்ஞான் கேந்திரா என்ற வேளாண் அறிவியல் நிலையமும் இங்கே உண்டு. விஞ்ஞானிகளுக்கும் இந்தப் பெண்களுக்கும் அங்கே பேச்சு நடக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் தாம் அறிந்ததை அடுத்த ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது? கேமராவைக் கையில் எடுத்தார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் தங்கள் வயல்களையும் பருத்தி விவசாயிகளின் இழப்புகளையும் படமாக்கினார்கள். அடுத்து வானொலி. 2006இல் இந்திய அரசு தன்னார்வ அமைப்புகளுக்கும் சமூக வானொலி உரிமம் தர முன்வந்தது. 2008 அக்டோபர் 15ஆம் தேதி மாச்னூரிலிருந்து ‘சங்கம் ரேடியோ’ ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் கிராமப்புறச் சமூக வானொலிகளில் அது ஒன்று. ‘ஜெனரல்’ நரசம்மா போன்ற தலித் பெண்கள் அதன் குரலானார்கள். விதைப்பு, மருந்து மூலிகை, நாட்டுப்பாடல் எல்லாம் அவர்கள் பேசும் வட்டாரத் தெலுங்கிலேயே.

2019இல் ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இந்த அமைப்புக்குக் கிடைத்தது.

பரிசு வந்தபின்னும்

கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

சுற்றுவட்டாரத்தில் பருத்தியும் கரும்பும் பணம் காட்டி அழைக்கின்றன. சிறுதானியத்தில் உமி நீக்குவது கடினமான வேலை, அதுவும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. காட்டுப்பன்றியும் பறவையும் கதிரைத் தேடி வருகின்றன. படித்த பிள்ளைகளுக்கு ஹைதராபாத் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நிலமே கைவிட்டுப் போகும் கவலையும் உண்டு. ஜஹீராபாத் தேசிய முதலீட்டு உற்பத்தி மண்டலத்துக்காக நியால்கல், ஜராசங்கம் வட்டங்களின் 17 கிராமங்களில் 12,000 ஏக்கருக்கு மேல் நிலம் குறிக்கப்பட்டது. தொழிற்சாலை வந்தால் வேலை வரும் என்கிறார்கள். இரண்டு ஏக்கர்க்காரிக்கு நிலம் போனால் விதைக் கூடையை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் சதீஷ் காலமானார். அதன்பின் தினையும் சாமையும் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டன. பிரிக்பீல்ட்ஸிலும் லிட்டில் இந்தியாவிலும் சிறுதானியப் பாக்கெட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நீரிழிவுக்கு நல்லது என்று நாமும் வாங்குகிறோம். நல்லதுதான். ஆனால் விலை ஏறும்போது, விளைவித்தவள் தன் வீட்டுக்கு வைத்திருப்பதையும் விற்கத் தூண்டப்படுவாள். ஒரே ரகத்துக்குக் கிராக்கி வந்தால், இருபது பயிர் நின்ற வயல் ஒற்றைப் பயிராகிவிடும். அடுத்த முறை பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது, எங்கே விளைந்தது, யாரிடம் வாங்கினீர்கள் என்று கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் கேட்டால் பதிலும் வரும்.

போக விரும்புவோருக்கு

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஹைதராபாத்துக்கு நேரடி விமானங்கள் உண்டு. அங்கிருந்து ஜஹீராபாத்துக்குப் பேருந்து, ரயில், வாடகைக் கார் எல்லாம் கிடைக்கும். காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியே நல்ல மாதம். குளிர் இதமாக இருக்கும். சத்தியப் பயிர்கள் வயலில் நிற்கும். நாம் பொங்கல் வைக்கும் அதே நாளில், ஜனவரி 14ஐ ஒட்டி, பல்லுயிர்த் திருவிழாவைத் தொடங்குவது இவர்களின் வழக்கம். அலங்கரித்த மாட்டு வண்டிகளில் விதைகளை ஏற்றி, பாட்டும் மேளமுமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஊர் ஊராகச் செல்வார்கள். போகும் ஊரிலெல்லாம் விதையைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

இது கண்காட்சி அல்ல, வேலை நடக்கும் இடம். முன்கூட்டியே தொடர்புகொண்டு அனுமதி பெற்றுப் போவது மரியாதை. தெலுங்கு தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் பீதர் கோட்டை இருக்கிறது; பாமனி சுல்தான்களின் தலைநகரம். கறுப்பு உலோகத்தில் வெள்ளி பதித்த பீதரி வேலைப்பாடு அந்த ஊரின் கைவண்ணம். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு நாளைக் கோட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொரு நாளை வயலுக்கு வையுங்கள். சோறு எங்கிருந்து வருகிறது என்று நகரத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எளிதில் அமையாது.