பழைய மணிக்கூடுகள் சொல்லும் கதை

சிலர் முத்திரை சேர்ப்பார்கள். சிலர் நாணயம் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது விளையாட்டோடு தொடர்புள்ள பழைய பொக்கற் மணிக்கூடுகள். சேகரிப்பு என்று பெருமையாகச் சொல்லும் அளவுக்கு என்னிடம் அதிகம் இல்லை, மொத்தம் நான்குதான். ஒரு சமூகசேவை உத்தியோகத்தரின் சம்பளத்தில் அதற்கு மேல் ஆசைப்பட முடியாது. "நகைநட்டுச் சேர்க்க வேண்டிய வயதில் ஓடாத மணிக்கூடு சேர்க்கிறாள்" என்று அம்மா பேசுவதும் உண்டு.

முதலாவது மணிக்கூடு பெரியப்பாவுடையது. அவர் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். இல்ல விளையாட்டுப் போட்டிகளில் நேரக்கணிப்பாளராக நிற்கும்போது அந்த ஸ்ரொப் வோச் அவரது கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும். அவர் காலமான பின்னர் அவரது மகன்மார் அதை விரும்பவில்லை. கைத்தொலைபேசியிலேயே எல்லாம் இருக்கிறதே என்றார்கள். பெரியம்மா அதை என்னிடம் தந்தார்.

ஏனைய மூன்றையும் யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவரிடம் வாங்கினேன். இரண்டு சாதாரண ஸ்ரொப் வோச்சுகள். மற்றையது சங்கிலியோடு கூடிய பொக்கற் மணிக்கூடு. அதன் மூடியின் உட்புறத்தில் டெனிஸ் போட்டிப் பரிசு என்று ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வென்றவரின் பெயர் தேய்ந்து, 'மிஸ்டர்' என்ற சொல் மாத்திரம் எஞ்சியிருக்கிறது.

அந்த ஐயா எனக்குச் சொல்லித் தந்தவை பல. "பொறித்த எழுத்தின் விளிம்பு கூராக இருந்தால் சந்தேகப்படு பிள்ளை. மூடி தேய்ந்திருக்க எழுத்து மட்டும் புதிதாய் இருக்க ஏலாது. எழுத்தை மட்டும் நம்பாமல் அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேள்" என்பார். ஈரலிப்பான எங்கள் காலநிலையில் மணிக்கூட்டை மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்க வேண்டும், ஸ்ரொப் வோச்சை வில் தளர்ந்த நிலையிலேயே வைக்க வேண்டும் என்பதும் அவர் கற்றுத் தந்தவையே.

இத்தகைய மணிக்கூடுகளின் வரலாறு சுவையானது. 1821ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த குதிரைப் பந்தயத்தில் நிக்கொலா ரியுசெக் என்பவர் ஒரு கருவியைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு குதிரையும் எல்லையைத் தாண்டும்போது அது சுழலும் முகப்பில் ஒரு துளி மையை இட்டது. நேரத்தை எழுதுவது என்ற பொருளில் 'குரொனோகிராப்' என்ற சொல் அப்படித்தான் பிறந்தது. அதற்கும் முன்னர், 1816இல், லூயி முவானே என்பவர் வானியல் அவதானிப்புக்காக இத்தகைய கருவி ஒன்றைச் செய்திருந்தார் என்பது 2013இலேயே உலகுக்குத் தெரிய வந்தது.

பழைய பொக்கற் மணிக்கூடுகளில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 தடவை துடிப்பவை. அதாவது ஒரு செக்கனுக்கு 5 துடிப்பு. ஆகவேதான் அக்கால ஓட்டப் பதிவுகள் செக்கனின் ஐந்தில் ஒரு பங்குக் கணக்கில் இருந்தன. 1916இல் ஹோயர் நிறுவனம் செக்கனில் நூறில் ஒரு பங்கை அளக்கும் ஸ்ரொப் வோச்சை வெளியிட்டது. 1932 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஒமேகா நிறுவனம் 30 மணிக்கூடுகளைக் கொண்டுசென்று, பத்தில் ஒரு பங்கு வரை நேரம் கணித்தது.

இன்று இவற்றுக்குக் கிடைக்கும் விலை வியப்பூட்டுகிறது. 1923இல் அமெரிக்க பேஸ்போல் வீரர் பேப் ரூத்துக்கு வெற்றிப் பரிசாகக் கிடைத்த பொக்கற் மணிக்கூடு 2014இல் 7 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. 1954இல் ரொஜர் பனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடியபோது நேரம் கணித்தவர்களுள் ஒருவரின் ஸ்ரொப் வோச் 2011இல் 97,250 பவுணுக்கு ஏலம் போனது. அந்தப் பணம் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மெய்வல்லுநர் கழகத்துக்குச் சென்றது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது சமூகவியல் படித்த எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. நான் பார்த்த ஏல விபரங்களில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. பொக்கற் மணிக்கூடு ஆணின் மேலங்கிப் பைக்காகச் செய்யப்பட்டது. அக்காலப் பெண்கள் சிறு மணிக்கூட்டைப் பதக்கம்போலக் கழுத்திலோ நெஞ்சிலோ அணிந்தார்கள். ஆணுக்கு அது கருவி, பெண்ணுக்கு அது நகை. அப்படியானால் பெண்களின் ஓட்டத்தை மணிக்கூடு எப்படிப் பதிந்தது? அந்தப் பதிவை உலகம் எப்படி மதித்தது?

இதற்கு 1928 அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக் நல்ல உதாரணம். மெய்வல்லுநர் போட்டிகளில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது அங்கேதான். 800 மீற்றர் இறுதி ஓட்டத்தில் ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் வென்றார். அது உலக சாதனை. இரண்டாவதாக வந்த கினுயே ஹிதோமி ஜப்பானுக்கு ஒலிம்பிக் பதக்கம் பெற்றுக் கொடுத்த முதற்பெண். ஓடிய 9 பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆனால் பல பத்திரிகைகள் பெண்கள் பாதியில் விழுந்தார்கள், மயங்கினார்கள் என்று எழுதின. ஓடி முடித்த களைப்பில் ஆண்கள் தரையில் சாய்ந்தால் அது வீரம். பெண்கள் சாய்ந்தால் அது பலவீனம். விளைவு, அந்த ஓட்டம் நீக்கப்பட்டது. 1960 ரோம் ஒலிம்பிக் வரை, 32 வருடங்கள், 200 மீற்றரை விட நீண்ட எந்த ஓட்டமும் பெண்களுக்கு இருக்கவில்லை. மணிக்கூடு உண்மையைத்தான் சொன்னது. அதைக் கேட்க ஆட்கள் இருக்கவில்லை.

எங்கள் நாட்டுக்கு வருவோம். இலங்கை இதுவரை பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டே. 1948 லண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 செக்கனில் ஓடி வெள்ளி பெற்றார். 2000 சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடினார். அவருக்கு முன்னால் வந்தவரின் நேரம் 22.27. பெரியப்பாவின் ஸ்ரொப் வோச்சால் இந்த இருவரையும் பிரிக்கவே முடியாது. அது பத்தில் ஒரு பங்கைத்தான் காட்டும். முதலிடம் பெற்றவர் ஊக்கமருந்து காரணமாகப் பதக்கத்தை இழந்த பின்னர் 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. 9 வருடங்கள் கழித்து அவருக்கு நியாயம் கிடைக்க, எழுதி வைத்த அந்த எண்கள் அழியாமல் இருந்ததும் ஒரு காரணம்.

ஆனால் எழுதி வைத்தது அழிந்தவர்கள் என்ன செய்வார்கள்? வன்னியில் வாழ்வாதாரக் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பாக இருந்தபோது, கோழி வளர்ப்புக்குப் பதியவந்த ஓர் அக்காவிடம் கல்வித் தகைமை பற்றிக் கேட்டேன். "ஒண்டும் இல்லை மிஸ். எல்லாம் 2009இல போட்டுது" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் பள்ளிக்கூடத்தில ஓடின்னான். 200 மீற்றர், 27.4" என்றார். சான்றிதழ் இல்லை, படம் இல்லை, கிண்ணம் இல்லை. அந்த எண் மாத்திரம் இருந்தது. என் விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத ஓர் இடம் இருக்கவில்லை. ஏனைய விபரங்கள் என்ற கோட்டில் எழுதினேன்.

அடுத்த மகளிர் தினத்துக்கு அந்தக் கிராமத்தில் பெண்களுக்கான ஓட்டப் போட்டி வைத்தோம். நேரக்கணிப்பாளராக அந்த அக்காவையே நிறுத்தினோம். பெரியப்பாவின் ஸ்ரொப் வோச்சை அவர் கையில் கொடுத்து, எப்படி அழுத்துவது என்று விளக்கத் தொடங்கினேன். "தெரியும் மிஸ், எங்கட சேர் இப்படித்தான் பிடிப்பார்" என்றபடி பெருவிரலை மேற்குமிழில் வைத்து எல்லைக் கோட்டருகே போய் நின்றார். ஒவ்வொரு பெண்ணின் நேரத்தையும் அவர் சத்தமாகச் சொல்லச் சொல்ல, அவரது மகள் கொப்பியில் எழுதினாள். ஓடியவர்களில் பலருக்கு, தங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நேரம் எழுதப்பட்டது அதுவே முதற்தடவை.

அம்மாவுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். பழைய மணிக்கூட்டில் உள்ள வெள்ளிக்கும் பித்தளைக்கும் பெரிய பெறுமதி இல்லை. யாரோ ஒருவரின் முயற்சியை யாரோ ஒருவர் கவனித்து அளந்தார் என்பதற்கு அது சாட்சி. எங்கள் அம்மாமார், அக்காமார் பாடசாலைக் காலத்தில் ஓடியிருக்கலாம், பாய்ந்திருக்கலாம், வலைப்பந்து விளையாடியிருக்கலாம். அவர்களிடம் கேட்டிருக்கிறோமா? இன்றிரவு வேலை முடிந்து அவர்கள் ஆறுதலாக அமரும்போது கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் ஆண்டையும் எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.