வாயில்லாப் பூச்சி

எங்கள் வாப்பாவை ஊரில் எல்லோரும் 'வாயில்லாப் பூச்சி' என்றுதான் சொல்வார்கள். கடைத்தெருவில் அவரோடு யாரும் சண்டை பிடித்ததில்லை. பிடிக்கவும் முடியாது. சட்டையின் அளவு பிழைத்துவிட்டதென்று எவராவது வந்து சத்தம் போட்டால், "தாங்க, சரிபண்ணித் தாறன்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அப்படியொரு பூச்சி உண்மையாகவே இருக்கிறதென்பதும், நாற்பது வருடங்களாக வாப்பா அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியவந்தது 2006ஆம் ஆண்டில்தான்.

வெலிமடைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வாப்பா டெய்லர். 'டெய்லர் நானா' என்றால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தெரியும். அறுபதுகளில் அவரிடம் கோட்டுத் தைக்கக் கொடுத்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், ஒரு நாள் சின்னத் தகரப்பெட்டியொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாராம். உள்ளே இறகும் நூலும் சுற்றிய தூண்டில் முட்கள். சிலவற்றின் நூல் அவிழ்ந்து கிடந்தது. "நூல் வேலைதானே, உன்னால் முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். வாப்பா வழக்கம்போல, "தாங்க, சரிபண்ணித் தாறன்" என்றிருக்கிறார். அவர் ஈ கட்டத் தொடங்கிய கதை இவ்வளவுதான்.

ஈ கட்டுவது என்றால் பலருக்கு விளங்காது. நுவரெலியாவைச் சூழ்ந்த குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் என்றொரு மீன் இருக்கிறது. அது நம் நாட்டு மீன் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊர் விளையாட்டை இங்கேயும் விளையாடுவதற்காகக் கொண்டுவந்து விட்டது. இங்கே நிலைத்தது 'ரெயின்போ' எனும் இனம். அதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து ஆறுகள். இந்த மீனை மண்புழு கோத்துப் பிடிப்பதை அந்தத் துரைமார் கௌரவக் குறைவாகவே எண்ணினார்கள். மீன் தின்னும் பூச்சியைப் போலவே இறகாலும் நூலாலும் ஒரு பொய்ப் பூச்சி செய்து, அதைக் காட்டித்தான் பிடிக்க வேண்டும்.

வாப்பாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு சின்ன இடுக்கி பூட்டியிருந்தது. அதில் முள்ளைக் கவ்வக் கொடுத்து, தேன்மெழுகில் இழுத்த பட்டுநூலால் முதலில் முள்ளின் தண்டைச் சுற்றுவார். வாலுக்கு இறகின் மூன்று மயிர். உடலுக்கு நூலோ பஞ்சோ. கழுத்துக்குச் சேவலின் இறகு. அந்த இறகைக் குத்துநிலையில் முள்ளைச் சுற்றி இரண்டு மூன்று தரம் ஓட்டினால், அதன் மயிர்கள் நாற்புறமும் விரிந்து பூச்சியின் கால்களாகிவிடும். தண்ணீர்மேல் அது மிதப்பது அந்த மயிர்களின் பலத்தில்தான். குஞ்சுச் சேவலின் இறகு இதற்கு உதவாது; அது மென்மை, தண்ணீரைக் குடித்துவிடும். முற்றிய சேவலின் கழுத்து இறகுதான் விறைப்பாக நிற்கும். அதனால் ஊரில் எந்த வீட்டில் முற்றிய சேவல் அறுத்தாலும், கழுத்து இறகு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். உம்மா முணுமுணுத்துக்கொண்டே இரத்தத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைப்பார்.

கம்பெனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையானபோது அந்தத் துரை நாட்டைவிட்டுப் போனார். போகும்போது இடுக்கியையும் ஒரு டின் முட்களையும், வர்ணப்படங்கள் நிறைந்த பழைய ஆங்கிலப் புத்தகமொன்றையும் வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வாப்பா அரபு ஓதுவார், தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆங்கிலம் தெரியாது. முப்பது வருடமாக அந்தப் புத்தகத்தில் அவர் பார்த்ததெல்லாம் படங்கள் மட்டும்தான்.

நான் ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானப் பயிற்சியை முடித்துக்கொண்டு ஊர்ப் பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்த வேளையில் வாப்பாவின் கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. தங்கச்சியின் கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, ஓய்வுபெற்ற தோட்டத்துரை ஒருவர் இரண்டு டசின் ஈக்களுக்குச் சொல்லியனுப்பினார். இங்கிலாந்திலிருந்து அவருடைய கூட்டாளிகள் வந்திருந்தார்கள். "மேபிளை கட்டித் தரச் சொல்லுங்கள்" என்பதுதான் செய்தி. நல்ல பணம், அதுவும் முன்பணமாகவே வந்தது.

"நான் கட்டுறன் வாப்பா" என்றேன். சிறு வயதிலிருந்தே பக்கத்தில் இருந்து பார்த்தவன்தானே. புத்தகத்தைத் திறந்து மேபிளையின் படத்தை எடுத்தேன். மஞ்சள் சாய்ந்த வெள்ளை உடல், நிமிர்ந்த பெரிய சிறகு, மூன்று நீண்ட வால். பத்தாம் இலக்க முள்ளில் கட்டச் சொல்லியிருந்தது. முள்ளின் இலக்கம் கூடக்கூட அளவு சிறுக்கும். பத்து என்றால் பெரியது.

வாப்பா எட்டிப் பார்த்தார். "மகன், இது அவங்கட நாட்டுப் பூச்சி. எங்கட ஆத்துல இவ்வளவு பெரிசா எழும்பி நான் காணல்ல. மேல போய்க் கல்லப் பெரட்டிப் பாத்துட்டுக் கட்டுவோமே" என்றார்.

நான் சொன்னதை இன்றைக்கு எழுதவும் கூசுகிறது. "நீங்க படம் பாத்துக் கட்டின ஆள் வாப்பா. எனக்கு வாசிக்கத் தெரியும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினில் போய் உட்கார்ந்து, வெட்டிவைத்திருந்த சாரத்தை மூட்டத் தொடங்கினார்.

நான்கு இரவுகளில் இருபத்துநான்கு ஈக்களையும் கட்டி முடித்தேன். படத்தில் இருந்ததற்கும் நான் கட்டியதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. உம்மாகூட அழகாயிருக்கிறதென்றார். மூன்றாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. இரண்டு நாள் முழுக்க வீசியும் ஒரு மீன் தொடவில்லையாம். துரை பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் மரியாதையான மனிதர். கலியாணச் செலவுக்கென்று உம்மா முடிந்துவைத்திருந்த அந்தப் பணத்தை வாப்பாதான் வாங்கி, வந்தவர் கையில் கொடுத்தார். "துரைக்கிட்டச் சொல்லுங்க, ரெண்டு நாள் தாங்க, சரிபண்ணித் தாறன்" என்றார்.

அடுத்த நாள் பஸ் ஏறி மேலே போனோம். மழை விட்டிருந்த பின்னேரம். வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, ஒரு கல்லைப் புரட்டி என்னிடம் நீட்டினார். கல்லின் அடிப்பக்கத்தில், நெல்மணியை விடச் சிறிதாகக் கபில நிறப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு ஓடின. வாலில் மெல்லிய மயிர்கள். வயிற்றின் இரு புறமும் பூக்கள் துடித்தன. "இதுதான் எங்கட மேபிளை" என்றார். பிறகு குளிரில் நடுங்கியபடி கரையில் உட்கார்ந்து தண்ணீரைக் காட்டினார். சாம்பல் நிறச் சிறகோடு சில பூச்சிகள் மேலே எழும்பிப் பறந்தன. மீன்கள் புரண்டன.

"மீன்ட வாய் தெரியுதா?"

உற்றுப் பார்த்தேன். வாய் தெரியவில்லை. முதுகுதான் வளைந்து மறைந்தது.

"வாய் வெளிய வந்தா மேல மிதக்கிறதத் தின்னுது. முதுகு மட்டும் தெரிஞ்சா, மேல வாற வழியிலயே புடிச்சித் தின்னுது."

நான் விஞ்ஞான ஆசிரியர். பூச்சியின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனையோ தடவை வரைந்தவன். அந்த வட்டத்தின் எந்த இடத்தில் மீன் காத்திருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்றிரவு கட்டினோம். அவருடைய கண், என்னுடைய கை. பதினாறாம் இலக்க முள். பழைய ரேடியோவின் சுருளிலிருந்து வாப்பா உரித்துவைத்திருந்த மயிர்போன்ற செப்புக் கம்பியை நூலுக்குப் பதிலாகச் சுற்றச் சொன்னார். அந்தக் கனத்தில் ஈ தாழும். அதன்மேல் செங்கபிலச் சேவலின் இறகு மயிர்களைச் சுற்றினேன். சிறகு இல்லை, முதுகில் ஒரு சின்னப் புடைப்பு மட்டும். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சோயர் என்பவரும் நூலை விட்டுவிட்டுச் செப்புக் கம்பியிலேயே இப்படிக் கட்டினார் என்று பல வருடங்களுக்குப் பிறகு வாசித்தேன். அவர் எடுத்தது பெசன்ட் எனும் பறவையின் வால் இறகு. வாப்பாவுக்கு அவரைத் தெரியாது. ரேடியோ பழுதாய்ப் போயிருந்தது, அவ்வளவுதான்.

நான் பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று கட்டிய ஒன்றை வாப்பா விரலால் தொட்டு, "கூடிப் போச்சு, அவுரு" என்றார். சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது இருபத்துநான்கும் முடிந்திருந்தன.

அதற்கடுத்த நாள் பணம் மறுபடி வந்தது. கூடவே வாழையிலையில் சுற்றிய ஒரு ட்ரவுட் மீனும். சமைக்கக் கொடுக்குமுன் வாப்பா அதன் இரைப்பையைப் பிரித்து, வெள்ளைச் சோசரில் தண்ணீர் விட்டுக் கழுவினார். நான் எண்ணினேன். சிறகு முளைக்காத கபிலப் பூச்சிகள் முப்பத்தொன்று. சிறகுள்ளது ஒன்றே ஒன்று.

வாப்பா கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தார். "இதில அந்தப் பூச்சிட சரித்திரம் எழுதி ஈக்குதா மகன்? வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார். 'வாசி' என்று சொல்லவில்லை, 'வாசிச்சுக் காட்டுங்களேன்' என்றார். என் தொண்டை அடைத்தது.

வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்து ஆறுகளில் பெரிய மேபிளையின் குடம்பி இரண்டு வருடமளவு அடிச்சேற்றுக்குள் வாழ்கிறது. மே மாதக் கடைசியில், கூன் மாதத் தொடக்கத்தில், இரண்டு வாரமளவு கூட்டங்கூட்டமாக மேலே வருகிறது. அந்த நாட்களில் மீனுக்குப் பைத்தியம் பிடிக்கும், கற்றுக்குட்டிக்கும் மீன் அகப்படும். நம் ஓடைகளில் அப்படி ஒரு மாதத்துக்குள் அது அடங்குவதில்லை. சின்னச் சின்னக் கூட்டமாகப் பல மாதங்களிலும் எழும்பும். தோலுரித்துச் சிறகு முளைத்த பிறகும் அது இன்னொரு தடவை தோலுரிக்கிறது. பறக்கும் சிறகு வந்தபின் தோலுரிக்கும் பூச்சி இந்த உலகத்தில் இது மட்டுந்தான். பிறகு சோடி சேர்ந்து, தண்ணீரில் முட்டையிட்டு, சிறகை விரித்தபடி விழுந்து செத்துப்போகிறது. சிறகு வந்தபின் பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் வாழ்க்கைதான். அதற்குள் எதுவும் தின்னாது. தின்ன வாய் இல்லை.

"வாயே இல்லையா?"

"பேருக்கு ஈக்குது வாப்பா. தின்ன ஏலாது."

சற்று நேரம் சோசரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "அப்ப ஊரில எனக்குச் சொல்றது சரிதான்" என்றார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பிறகு இஷாவுக்குப் பின் அந்தப் புத்தகத்தில் ஒன்றிரண்டு பக்கம் வாசித்துக் காட்டுவது வழக்கமாயிற்று. 2011இல் அவர் மௌத்தாகும்போது நாற்பது பக்கமளவு மிச்சமிருந்தது.

இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூச்சிப் பாடம் வரும்போது, வெள்ளை பேசின்களோடு அவர்களை ஓடைக்குக் கூட்டிப் போகிறேன். மேலே காட்டோரத்தில் கல்லைப் புரட்டினால் மேபிளைக் குடம்பிகள் கை நிறைய வரும். கீழே, உருளைக்கிழங்குத் தோட்டங்களின் எண்ணெயும் உரமும் கழுவி வரும் இடத்தில், பத்துக் கல்லுக்கு ஒன்று கிடைப்பதும் அரிது. ஏன் என்று நான் சொல்வதில்லை. இரண்டு பேசின்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்பேன். போன வருடம் எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படும் ஒரு பையன்தான் முதலில் வாய் திறந்தான். "சேர், இது எங்கட தோட்டத்துக்குக் கீழ எடுத்த தண்ணி" என்றான்.

வாப்பாவிடம் அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. ஐந்து வருடம் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டியும் அந்தச் சொல் மட்டும் வாயில் வரவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "தாங்க, சரிபண்ணித் தாறன்" என்றிருப்பார்.