பால் பொங்கட்டும், வாருங்கள்!

ஆடிக் கிருத்திகை என்றால் வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்க எத்தனை கூட்டம்! அதே ஊரில் கிராம சபை என்றால் மட்டும் நமக்கு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. ஒரகடத்தில் வேலை என்று இங்கே குடிவந்த பட்டணத்துக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

"அது ஊர்க்காரர்கள் சமாசாரம்; நமக்கென்ன?" என்கிறார் அடுத்த வீட்டு மாமி. அப்படியா? ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அங்கத்தினர்தான், அம்மா! 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 – நாலும் விடுமுறை நாட்கள். சாக்குச் சொல்ல இடமே இல்லை! 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்திருக்கின்றன.

மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று குழாயடியில் புலம்பினால் குழாய்தான் கேட்கும். சபையில் சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும். வரவு செலவையும் கேளுங்கள். 'மைக்' கிடைக்குமோ என்று தயங்காதீர்கள். நம் குரலுக்கு அது எதற்கு?