சத்தத்தை நிறுத்தும் விரல்

பேஸ் கிட்டாரில் ஒரு சுரத்தை எப்போது தொடங்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தருபவர் அபூர்வம். கடலூர், சிதம்பரம், நெய்வேலி, பண்ருட்டி என்று இந்தப் பக்கத்து மெல்லிசை மேடைகளிலேயே வாசித்துப் பிழைப்பவன் நான். விரலால் வாசிப்பதா பிளெக்ட்ரமா, எந்தக் கம்பி நல்லது, ஆம்ப் வேண்டுமா வேண்டாமா என்று எதைக் கேட்டாலும் என் பதில் அந்த நிறுத்தத்தில்தான் போய் முடியும்.

கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் அடுத்தடுத்துத் தாலி கட்டு நடக்கும். முதல் நாள் மாலை வரவேற்பு, சுற்று வட்டாரத்து மண்டபம் ஏதோ ஒன்றில். தரையில் டைல்ஸ், சுவர் சிமெண்ட், ஜன்னலெல்லாம் கண்ணாடி. சத்தத்தை வாங்கி அடக்கிக்கொள்ள எதுவும் இல்லை. பேஸின் தடித்த ஈ கம்பி வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. காற்றில் அந்த அலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். மண்டபத்தின் அகலத்துக்குள் அப்படி இரண்டு மூன்று அலைதான் அடங்கும். அவை சுவரில் மோதித் திரும்பும்போது சில சுரங்கள் பூதாகாரமாகப் பெருகும், சில சுரங்கள் இருந்த இடம் தெரியாமல் போகும். வாசிப்பவன் ஒரே அளவில்தான் மீட்டுவான், ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சுரம் நெஞ்சில் இடிக்கும், அடுத்தது காதிலேயே விழாது.

அதனால் விருந்தாளிகள் வருவதற்கு முன்பே நான் ஈ கம்பியின் அடியிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக, மெதுவாக, ஒரே அழுத்தத்தில் வாசித்துப் பார்ப்பேன். கேபிள் எட்டும் தூரம்வரை நடந்தும் கேட்பேன். எந்தச் சுரம் முழங்குகிறது என்று தெரிந்துவிட்டால் போதும். அன்று இரவு முழுக்க அந்தச் சுரத்தைக் குறுக்கி வாசிப்பேன், அல்லது ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிவிடுவேன். நாற்காலிகள் நிரம்பினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆட்கள் நிறைந்தால் மேல் சத்தங்கள் அடங்குவது உண்மை. இந்த அடிச்சத்தம் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை.

நிறுத்துவதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது கை விரல் அழுத்தத்தை விட வேண்டும், ஆனால் கம்பியை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் திறந்த கம்பி தானாக ஒலிக்கத் தொடங்கிவிடும். அதே நேரம் வலது கையின் அடுத்த விரல் கம்பியில் வந்து உட்கார வேண்டும். இதனால்தான் மண்டபத்தில் ஏ சுரத்தைத் திறந்த கம்பியில் வாசிக்காமல் ஈ கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் வாசிக்கிறேன். திறந்த கம்பியில் இடது கைக்கு வேலையே இல்லை, பாதி கட்டுப்பாடு போய்விடுகிறது.

ஆடி மாதம் வந்தால் கதை வேறு. கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில்களில் செடல் திருவிழா. மேடை தெருவில், தலைக்கு மேலே வானம். மோதித் திரும்பச் சுவர் இல்லாததால் அடிச்சத்தம் நாலா பக்கமும் கலைந்து போகும். இங்கே சுரத்தை நீளமாகப் பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாடல்களுக்குப் பேஸில் பெரும்பாலும் சட்ஜமும் பஞ்சமும்தான். இதில் என்ன இருக்கிறது என்று இளம் வாசிப்பாளர்கள் அலட்சியமாகச் சில அலங்காரங்களைச் சேர்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்த இரண்டே சுரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: சட்ஜத்தை நீட்டிப் பிடித்து, பம்பையின் உருட்டல் வருவதற்குச் சற்று முன்னால் விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளி கிடைத்தால் பம்பை தெரு முழுக்கக் கேட்கும். அருள் வந்து ஆடுபவர்கள் பம்பைக்குத்தான் ஆடுகிறார்கள். அதை மூடி மறைக்கும் உரிமை பேஸுக்கு இல்லை.

திறந்தவெளியில் மைக் செட்காரர்களிடம் நான் வாதாடும் ஒரே விஷயம் பேஸ் பெட்டிகளை வைக்கும் இடம். மேடைக்கு வலது பக்கம் ஒரு ஜோடி, இடது பக்கம் ஒரு ஜோடி என்று வைப்பதுதான் வழக்கம், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கத்துச் சத்தமும் நடுவில் சேர்ந்து அங்கே மட்டும் குமுறும், கொஞ்சம் தள்ளிப் போனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலியும். நாலு பெட்டியையும் ஒட்டி ஒட்டி ஒரே இடத்தில் வைத்தால் பெட்டிக்குப் பெட்டி பலம் கூடும், சத்தமும் ஒரே சீராகப் போகும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் பக்கம் கடற்காற்றில் வாசித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிதம்பரத்துக்கு நான் கடன்பட்டிருப்பது மிருதங்கத்துக்காக. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சங்கீதம் படித்த பிள்ளைகள் எங்கள் பக்கத்துக் குழுக்களுக்கு அவ்வப்போது வாசிக்க வருவார்கள். அவர்களில் மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் அவருடைய இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். தொப்பி எனப்படும் இடது பக்கத் தோலில் ரவைப் பசையைத் தடவி, தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தடவி, தண்ணீர் தொட்டு, மறுபடி தட்டிப் பார்ப்பார். பசை கூடினால் சத்தம் கனத்து இறங்கும். வாசிக்கும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தோலில் அழுத்தி நகர்த்தினால் கும்கி, சத்தம் வளைந்து மேலே ஏறும். கையை அப்படியே வைத்துவிட்டால் சத்தம் அந்த இடத்திலேயே நிற்கும். தொடங்குவது, வளைப்பது, நிறுத்துவது மூன்றும் ஒரே கையில். நம் சினிமாப் பாட்டின் பேஸில் வரும் இழைப்புகளுக்கு மேல்நாட்டு வாசிப்பாளர்களைக் கேட்டுப் பழகுவதைவிடத் தொப்பியைக் கேட்டுப் பழகுவது நல்லது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பாட்டுக்குப் பாட்டு நிறுத்தம் மாறும். எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்துப் பாடல்களில் ஒலிப்பது ஆளுயர டபுள் பேஸ். அதன் சத்தம் பொத்தென்று விழுந்து சீக்கிரமே அடங்கும். பேஸ் கிட்டாரில் அப்படியே நீட்டி வாசித்தால் அந்தப் பாட்டு அந்தப் பாட்டாக இருக்காது. கம்பிகளுக்கு அடியில், பிரிட்ஜை ஒட்டி, ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிவிடுவேன். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1951இல் வெளிவந்த லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸில், ஆரம்ப காலத்தில், பிரிட்ஜ் மூடிக்கு உள்ளேயே கம்பியை அமுக்கும் மெத்தை இருந்தது.

இளையராஜா வந்த பிறகு பேஸ் தனியாகப் பாடத் தொடங்கியது. 1980இல் வந்த ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டில் ஜேசுதாஸ் ஒரு மெட்டைப் பாட, கீழே பேஸ் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர் இளையராஜா. அதை உயிரோடு ஒலிக்கச் செய்தவர்களில் முக்கியமானவர் அவரிடம் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரன். இந்த மாதிரிப் பாட்டில் சுரத்தை வெட்டி வெட்டி வாசிப்பது பாவம். ஒரு சுரம் அடுத்த சுரத்தைத் தொட்ட பிறகுதான் விட வேண்டும். ஆனால் இங்கேயும் நிறுத்தம் உண்டு. வரி முடியும் இடத்தில் பாடகர் மூச்சு வாங்குவார், பேஸும் அங்கே மூச்சு வாங்க வேண்டும். இது தெரியாமல் எல்லா இடத்தையும் நிரப்பி வாசித்தால், சுரம் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு மூச்சு முட்டும்.

எங்களுக்கு அந்த நொட்டேஷன் எங்கே கிடைத்தது? கேசட்தான் வாத்தியார். சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராது. அதன் மேலே வரும் துணைச் சுரங்களைக் கேட்டுக் காதே அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். ஊகம் பல சமயம் ஒரு ஸ்தாயி தவறும். இரட்டை டெக் செட்களில் கேசட்டை இரண்டு மடங்கு வேகத்தில் நகல் எடுக்கும் வசதி இருந்தது. சில செட்களில் அப்போது சத்தமும் கேட்கும். பாட்டு கீச்சென்று ஓடும், பேஸ் மட்டும் ஒரு ஸ்தாயி ஏறி, கிட்டார் மாதிரித் துல்லியமாக நம் கைக்கு வந்துவிடும். இன்று கைப்பேசியிலேயே வேகத்தைக் குறைக்கலாம், சுருதியை ஏற்றலாம். வசதி கூடியிருக்கிறது, சந்தோஷம். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள் என்பது மட்டும்தான் நான் சொல்வது.

விரலா பிளெக்ட்ரமா என்ற சண்டையில் நான் விரல் பக்கம். காரணம் மேலே சொன்னதுதான்: மீட்டும் கையின் அடுத்த விரலே வந்து நிறுத்தவும் செய்யும். எண்பதுகளின் வேகப் பாடல்கள் சிலவற்றுக்குப் பிளெக்ட்ரம் வேண்டும், அப்போது வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜில் படிந்திருக்கட்டும். கட்டை விரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் நம் மண்டபங்களுக்கு ஒத்துவராது. அடிச்சத்தம் கரைந்து போய் ‘டக் டக்’ மட்டும் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும். ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பைக் கேட்டால், எவ்வளவு குறைவாக வாசித்து எவ்வளவு நிறைவாகச் செய்யலாம் என்று புரியும்.

நாலு கம்பியா ஐந்து கம்பியா என்றால், மெல்லிசை மேடைக்கு ஐந்து. மேடை ஏறும் நேரத்தில் பாடகி வந்து, “அண்ணா, தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?” என்பார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொள்வார். பேஸ்காரனுக்குத்தான் கஷ்டம். மூன்று கட்டை பாட்டு இரண்டரைக்கு இறங்கினால், ஈ கம்பிக்குக் கீழே அரைச் சுரம் போகிறது. நாலு கம்பியில் அது கிடையாது. ஒரு ஸ்தாயி ஏற்றி வாசித்தால் பாட்டுக்குக் கால் போய்விடும். ஐந்தாவது கம்பி இருந்தால் கை அமைப்பு மாறாமல் அப்படியே நகர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒன்று, வாசிக்காத நேரத்திலும் அந்தத் தடிக் கம்பி மற்றவற்றோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டே இருக்கும். வலது கட்டை விரலை எப்போதும் அதன் மேல் சாய்த்து வைக்கப் பழக வேண்டும்.

கம்பி விஷயத்தில் கடலூர்க்காரனுக்கு எதிரி உப்புக் காற்று. சுற்றுக் கம்பியின் இடுக்கில் வியர்வையும் உப்பும் சேர்ந்து சீக்கிரமே செத்த சத்தம் வரும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துணியால் இழுத்துத் துடைக்காமல் உறையில் போடக் கூடாது. தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பி விலை கூடுதல்தான், ஆனால் இடுக்கு இல்லாததால் இந்த ஊரில் பல மடங்கு உழைக்கிறது. சத்தமும் சீக்கிரம் அடங்கும் ரகம், பழைய பாட்டுக்குப் பொருத்தம்.

ஆம்ப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு நானே கேட்டுக்கொள்ளப் பத்து அங்குல ஸ்பீக்கர் போட்ட சின்னது போதும். ஜனங்களுக்குப் போவது டிஐ பாக்ஸ் வழியாக மிக்ஸருக்கு. டிஐயை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் வந்தால் அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தள்ளிப் பார்க்கலாம். அதை விட்டுவிட்டு, ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கம்பியில் கை, மைக்கில் உதடு, ஈர மேடை, ஜெனரேட்டர் மின்சாரம் – இந்த நாலும் சேர்ந்தால் உயிர் போகும். மேடைக் கருவிகளும் மிக்ஸரும் ஒரே லைனில், உருப்படியான எர்த்தோடு இருக்க வேண்டும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் பாடகரை மைக் முன்னால் நிற்க விடாதீர்கள்.

சவுண்ட் போடுபவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, ரிதம் பேடோட கிக்குக்கு அறுபது ஹெர்ட்ஸ் பக்கம் குடுத்தீங்கன்னா, எனக்கு நூறு பக்கம் குடுங்க.” இருவரையும் ஒரே இடத்தில் ஏற்றினால் இருவருமே கேட்க மாட்டோம், வெறும் குமுறல்தான். அவர் காதுக்கு அது குறைவாகத் தோன்றி வால்யூமை ஏற்றுவார், பாடகர் குரல் அமுங்கும், அதற்கும் ஏற்றுவார். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. அந்தப் பத்து மணிக்குள் பாதி நேரம் இப்படியே போய்விடும்.

இப்போது பல வரவேற்புகளில் குழுவே இல்லை. பதிவான ட்ராக்கை ஓடவிட்டு இருவர் பாடுகிறார்கள். கீபோர்டின் இடது கையிலேயே பேஸ் வாசிக்கும் குழுக்களும் உண்டு. அவர்களில் அருமையாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், இயந்திர பேஸை நான் பழிக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வரத் தாமதமாகிறது, பல்லவியை இன்னும் இரண்டு தடவை சுற்ற வேண்டும் என்றால் ட்ராக் காத்திருக்காது. குழுவில் அந்தச் சைகையை எல்லாருக்கும் கொண்டுபோவது பேஸ்தான். சரணத்துக்குப் போகும் சுரத்தை வாசிக்காமல் நிறுத்தி, சட்ஜத்துக்கே திரும்பி வந்தால், கண்ணால் பார்க்காமலே பேடுக்காரரும் பாடகரும் பல்லவிக்குத் திரும்பிவிடுவார்கள்.

கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு நான் முதலில் பாட்டு கொடுப்பதில்லை. மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரே சுரத்தை முதல் அடியில் மீட்டி மூன்றாவது அடியில் சரியாக நிறுத்தச் சொல்வேன். பிறகு இரண்டாவது அடியில், பிறகு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். நிறுத்தம் கிளிக்கின் மேல் துல்லியமாக விழுந்தால் கிளிக் தனியாகத் தெரியும். தவறினால் சத்தத்தின் வால் அதன் மேல் படியும். இது கைக்கு வந்த பிறகு அம்மன் பாட்டு. ‘என் இனிய பொன் நிலாவே’ அதற்கும் பிறகு.