பூஜாங் பள்ளத்தாக்கு போய் வந்தோம்



போன பள்ளி விடுமுறையில் நம்ம ஆலயத் தொண்டர்கள் குடும்பத்தோடு பஸ் எடுத்து கெடா மெர்போக் வரைக்கும் போய் வந்தோம். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு ராத்திரி மலாக்காவில் ஏறினோம். விடியும்போது ஜெராய் மலை கண்ணுக்குத் தெரிஞ்சது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்களுக்கும் இந்த மலைதான் அடையாளமாம்.

இராஜேந்திர சோழர் 1025-இல் படையெடுத்து வந்த கடாரம் இந்தப் பக்கம்தான் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் வருவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே இங்கே வியாபாரம் நடந்திருக்கு. பக்கத்திலே சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். உலைக்குள் காத்து ஊதும் மண் குழாய்கள் குவியலாகக் கிடைச்சிருக்கு. எங்களில் பலர் ஃபேக்டரி ஆட்கள். அதைப் பார்த்ததும் புரிஞ்சது, இங்கேயும் ஷிஃப்ட் போட்ட மாதிரி ஆட்கள் வேர்வை சிந்தியிருக்கணும் என்று.

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் இருக்கிறது புக்கிட் பத்து பகாட் சண்டி. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவியும் காட்டுக்குள் தேடி, கண்டுபிடித்த இடங்களுக்கு ஒவ்வொரு எண் கொடுத்தார்கள். இதன் எண் 8. 1960-இல் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார்கள். உள்ளே சதுரமாகக் கருவறை, முன்னால் மண்டபம், தூண் நின்ற கல் பீடங்கள். மரத்தூணும் கூரையும் மக்கிப் போச்சு. அடியில் கல் பெட்டிக்குள் செம்புக் கலசங்கள் கிடைத்தனவாம். நாமும் கோயில் கட்டும்போது கருவறைக்கு அடியில் பொன்னும் மணியும் வைக்கிறோமே, அதே முறைதான்.

எங்களோடு வந்த பாட்டி ஒருத்தர் சிலிப்பரைக் கழற்றிவிட்டுத்தான் படி ஏறினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி எங்கப்பா?" என்று கேட்டார். "இல்ல பாட்டி, இப்ப வெறும் கல்லுதான்" என்றோம். கொஞ்ச நேரம் நின்றார். "நம்ம தோட்டத்துல கல்லுகூட இல்லையே" என்று சொன்னார். அதுக்கு மேல யாருக்கும் பேச்சு வரல.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். எங்கள் தோட்டத்தை விற்றபோது லயம் போச்சு, பால் கொட்டாய் போச்சு, மாரியம்மன் கோயிலும் போச்சு. அம்மனை மட்டும் லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டு வந்தோம். "கிராண்ட் இருக்கா?" என்று கேட்டார்கள். நம்ம தாத்தாமார் காலத்தில் துரை வாயால் "கட்டிக்கோ" என்று சொன்னதோடு சரி, ஒரு தாளும் கிடையாது. கோயில் முழுசாகத் தெரிகிற ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னால் பாதிக் கோபுரம் தெரியும், அவ்வளவுதான்.

பூஜாங்கிலும் இதே கதை நடந்திருக்கிறது. 11-ஆம் எண் சண்டி தனியார் நிலத்தில் இருந்தது. 2013-இல் வீடமைப்பு வேலைக்காக அதை இடித்துவிட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலும் மழையும் தாங்கின இடம், இயந்திரத்துக்கு முன்னால் நிற்கல. நாடு முழுக்கக் கோபப்பட்டது, ஆனால் இடித்த பிறகு.

நம் மலாக்காவிலேயே பொய்யாத விநாயகர் கோயில் 1781-லிருந்து நிற்கிறது. டச்சுக்காரர் கொடுத்த நிலம் அது. செட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துக்கொண்டார்கள். பக்தி நமக்கும் குறைவில்லை. நிலமும் தாளும்தான் நம்ம கையில் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பேசி ஒரு முடிவு எடுத்தோம். அலோர் காஜா, ஜாசின் பக்கம் உங்கள் தோட்டத்துக் கோயில் படம், திருவிழா நோட்டீஸ், உபயச் சீட்டு, பழைய ரசீது எது இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டு வாங்க. ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம். எந்தத் தோட்டம், எந்த வருஷம், படத்தில் யார் யார் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல எங்கள் பிள்ளைகள் எழுதுவார்கள். இன்னும் நிற்கிற கோயில் என்றால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கமிட்டியில் இப்பவே கேளுங்க.

பாட்டிதான் முதல் ஆள். 1974-இல் எடுத்த தீமிதிப் படம் ஒன்று வைத்திருக்கிறாராம். பாதிக் கோபுரம் இல்லை, முழுக் கோபுரமும் தெரியுதாம்.