புயல் வழியில் குமரன் குன்றுகள்

அபிராமி அம்மை அருளாட்சி புரியும் திண்டுக்கல், கடலோர ஊரன்று. வேதாரண்யம் கடற்கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளடங்கிய ஊர். பத்மகிரி என்று போற்றப்படும் பெரும்பாறையும், அதனடியில் கோட்டை மாரியம்மன் சந்நிதியும், வடக்கே தாடிக்கொம்பில் எழில் கொஞ்சும் சௌந்தரராஜப் பெருமாள் ஆலயமும் இவ்வூரின் அடையாளங்கள். ஒட்டன்சத்திரம் வழியே பழனிக்கும், வத்தலக்குண்டு வழியே கொடைக்கானலுக்கும், தேனி, கம்பம், குமுளி வழியே சபரிமலைக்கும் செல்லும் அன்பர்கள் பலரும் இந்தச் சமவெளியைக் கடந்தே செல்கின்றனர். ஐப்பசி முதல் தை வரை இச்சாலைகளில் வாகனங்கள் ஓய்வதில்லை. வடகிழக்குப் பருவமழையும், அதனோடு வரும் வங்கக்கடல் புயல்களும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் வருகின்றன.

'புயல் கடற்கரைக்காரர்களுக்கு உரியது. மலைக்குப் போகும் நமக்கென்ன?' என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவ்வெண்ணம் எத்துணை பிழையானது என்பதை விளம்பி ஆண்டு ஐப்பசி காட்டியது. 2018 நவம்பர் 13-இல் முருகன் தலங்களில் சூரசம்ஹாரம், மறுநாள் திருக்கல்யாணம். அதற்கடுத்த நாள் நள்ளிரவு கடந்து, அதாவது நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மறுநாள் கார்த்திகை முதல் தேதி. ஐயப்ப அன்பர்கள் மாலை அணிய ஆயத்தமாகியிருந்த வேளை அது.

'கஜா' என்பது இலங்கை சூட்டிய பெயர். யானை என்று பொருள். யானை புகுந்த தோப்புப் போலவே டெல்டா மாவட்டங்களின் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டு 70,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டதால் காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆயினும் புயல் அங்கேயே அடங்கிவிடவில்லை. வலுக் குறைந்தவாறே மேற்கு நோக்கி நகர்ந்து, திண்டுக்கல் பகுதியைக் கடந்து, கேரளம் வழியே அரபிக்கடலை அடைந்தது. கொடைக்கானல் மலையில் மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை மறித்தன, மின்சாரம் நின்றது, மண் சரிந்ததில் தொழிலாளர் நால்வர் உயிரிழந்தனர். புயல் கரை கடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்ந்த துயரம் இது.

இதற்குக் காரணம் உண்டு. நிலத்தின் மேல் ஏறிய புயலுக்குக் கடலின் ஈரமும் வெப்பமும் கிட்டுவதில்லை. ஆதலின் காற்று தளர்கிறது. ஆனால் அது சுமந்துவரும் மேகங்கள் மலையில் மோதி மேலெழும்போது மழையாகக் கொட்டுகின்றன. நீர் ஊறிய சரிவில் மண் இளகுகிறது. வெளிநாடுகளிலிருந்து கொணர்ந்து நடப்பட்ட சீகை, தைல மரங்கள் சாலையோரங்களில் நெடிது வளர்ந்து நிற்கின்றன. காற்றில் அவை சாயும்போது மலைப்பாதை அடைபடுகிறது.

இம்மலையில்தான் குறிஞ்சி ஆண்டவர் குடிகொண்டிருக்கிறார். மேல்நாட்டில் பிறந்து, ஈழத்துப் பெருமகன் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவநெறியில் ஒழுகிய லீலாவதி அம்மையார் 1936-இல் எழுப்பிய ஆலயம் இது. வானம் தெளிந்த நாளில் இங்கிருந்தே பழனி மலையைக் கண்டு தொழலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி, கஜா வந்த அதே 2018-இல்தான் பூத்திருந்தது. நீல மலர்களைக் காணத் திரண்டோர் இறங்கிச் சென்ற சில வாரங்களில் அந்தப் புயல் வந்தது. இனி அது மலர வேண்டியது 2030-இல்.

புயல் அறிவிக்கப்பட்டால் யாத்திரை செல்வோர் செய்யத்தக்கன யாவை? வானிலை ஆய்வு மையம் நான்கு படிகளாக எச்சரிக்கை விடுக்கிறது. முதல் மூன்றும் 72, 48, 24 மணி நேரத்துக்கு முன்பாகக் கடலோர மாவட்டங்களைக் கருதி வருவன. கரை கடக்கும் முன் 12 மணி நேரத்தில் வரும் நான்காவது அறிவிப்பு, புயல் நிலத்தில் செல்லும் திசையைச் சொல்வது. திண்டுக்கல், தேனி அன்பர்கள் செவிகொடுத்துக் கேட்க வேண்டியது இதனையே.

மலையேறத் தொடங்காதவர்கள் அடிவாரத்திலேயே தங்கிவிடுவது நன்று. ஏற்கெனவே மேலே இருப்பவர்கள் அவசரப்பட்டு இரவில் இறங்கலாகாது. பாதை சீராயிற்று என்ற உறுதி கிடைக்கும் வரை அறையிலேயே இருத்தல் வேண்டும். அருவிகளையும் காட்சி முனைகளையும் தவிர்க்கவும். மரத்தடியில் வாகனத்தை நிறுத்தற்க. குடிநீர், உலர் உணவு, அன்றாட மருந்துகள், கைவிளக்கு ஆகியன உடனிருக்கட்டும். மின்சாரம் இல்லையேல் ஏடிஎம்மும் இயங்காது. ஆதலின் கையில் ரொக்கம் வேண்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

பழனியில் காற்று பலமாக வீசினால் ரோப்கார் நிறுத்தப்படும். முதியோர் மனம் தளர வேண்டா. நக்கீரர் போற்றிய படைவீடாகிய திருஆவினன்குடி மலையடிவாரத்திலேயே இருக்கிறது. மழையில் 693 படிகளை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குழந்தை வேலாயுத சுவாமியை அங்கே கண்குளிரத் தரிசிக்கலாம்.

'நேர்ந்துகொண்ட நாளில் போகாவிட்டால் குறையாகாதா?' என்ற கலக்கம் பல இல்லங்களில் எழுகிறது. நம் மரபே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. சபரிமலையில் மண்டல பூஜை 41 நாட்கள். அதன்பின் மகரவிளக்குக் காலமும் உண்டு. மாலையை ஊர்க்கோயிலில் அணிந்து, புயல் நீங்கியபின் பயணப்படலாம். பழனிக்குப் பாதயாத்திரையாகப் பெருந்திரள் செல்லும் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் மழைக்காலம் ஓய்ந்த பின்னரே வருகின்றன.

இந்திரன் ஏவிய பெருமழையில் கோகுலம் தத்தளித்தபோது கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாக ஏந்தினான். ஏந்திய கையோடு, பசுக்களையும் உடைமைகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே வருமாறு ஆயர்களை அழைத்தான் என்கிறது பாகவதம். அழைப்பைக் கேட்டு அவர்கள் உரிய வேளையில் நகர்ந்தார்கள். அதுவே அவர்கள் செய்த வழிபாடு. இன்று எச்சரிக்கை கேட்டுப் பயணத்தைத் தள்ளிவைப்பதும், வழியில் சிக்கிய யாத்ரிகருக்கு ஊர்க்கோயில் மண்டபத்தைத் திறந்து ஒரு பிடி அன்னம் இடுவதும் அத்தகைய வழிபாடே.

திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கொடைக்கானல் ஏறத்தாழ 95 கிலோமீட்டர். கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து குறிஞ்சி ஆண்டவர் கோயில் சுமார் 3 கிலோமீட்டர். வானம் தெளிந்த நாளில் குடும்பத்தோடு சென்று தரிசியுங்கள். கடலோரத்தில் வாழ்வோரையும் மலைச்சரிவில் உழைப்போரையும் ஒருங்கே காத்தருளுமாறு அக்குறிஞ்சிக் கிழவனின் திருவடிகளைப் பணிந்து வேண்டுவோம்.